ஒரே தோட்டாவா, தூரத்துக்கு ஒன்றா?

ஹை பவர் ரைஃபிள் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் பருவம் முடிவதற்குள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். 200 கெஜத்தில் நின்றும் உட்கார்ந்தும் சுடுகிறோம். 300 கெஜத்தில் படுத்துக்கொண்டு வேகமாகச் சுடுகிறோம். 600 கெஜத்தில் படுத்துக்கொண்டு நிதானமாகச் சுடுகிறோம். மூன்றுக்கும் ஒரே மாதிரி தோட்டாவை வீட்டில் நிரப்பிக்கொண்டு போனால் போதுமா, தூரத்துக்குத் தகுந்தபடி தனித்தனியாகச் செய்ய வேண்டுமா? அமெரிக்காவில் இந்த விளையாட்டில் இறங்கியிருக்கும் நம் நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதும் இதைத்தான். ஃபோனில் அரைமணி நேரம் பேசியும் முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் பேசப்போவது படைத் துப்பாக்கி மாதிரியில் அமைந்த ஏஆர்-15 வகை சர்வீஸ் ரைஃபிளும் .223 ரெமிங்டன் தோட்டாவும் பற்றி. 1990களின் நடுவிலிருந்து இந்தப் போட்டிகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது இதுதான். தோட்டா என்றால் கேஸ் (பித்தளைக் கூடு), பிரைமர் (அடிபட்டதும் பொறி தரும் சிறு மூடி), மருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்றால் குழலை விட்டுப் பறந்துபோகும் பகுதி மட்டும். லோட் என்றால் எந்தக் குண்டு, எந்த மருந்து, எத்தனை கிரெய்ன், எவ்வளவு ஆழத்தில் குண்டை உட்கார்த்துவது என்ற மொத்தச் சேர்க்கை. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், அவ்வளவு சின்ன அளவில் இந்த வேலை நடக்கிறது.

மருந்தின் எடையை மட்டும் இந்தக் கட்டுரையில் எங்கும் எழுதவில்லை, வேண்டுமென்றேதான். அதை சியரா, ஹார்னடி, ஹாட்ஜ்டன் போன்றவர்களின் கையேட்டில் உங்கள் குண்டுக்கும் உங்கள் மருந்துக்கும் உரிய வரியில் பார்த்து, அங்கே சொல்லியிருக்கும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நண்பர் சொன்னார் என்று யாருடைய எண்ணையும் எடுத்துக்கொள்ளாதீர்கள், என்னுடையதையும் சேர்த்து. சியரா கையேட்டில் .223-க்கு ஏஆர்-15 வகைத் துப்பாக்கிக்கென்றே தனிப்பகுதி உண்டு. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து மூடும் போல்ட் ரைஃபிளுக்கான பக்கத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

முதலில் இலக்கு என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். 200 கெஜ இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 7 அங்குலம். 300 கெஜ இலக்கிலும் அதே 7 அங்குலம்தான். 600 கெஜத்தில் 12 அங்குலம். சுடுகிறவர்கள் பேசும் கோணக் கணக்கில் ஒரு மினிட் என்பது 100 கெஜத்துக்கு ஒரு அங்குலத்தைவிடக் கொஞ்சம் கூட. அப்படிப் பார்த்தால் 200-இல் வளையம் 3.3 மினிட், 300-இல் 2.2, 600-இல் 1.9. தூரம் மூன்று மடங்காகிறது, வளையம் கோணக் கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேலாகச் சுருங்குகிறது.

ஆனால் உடம்பு நிற்கும் நிலை வேறு வேறு. 200-இல் நின்று சுடும்போது ஒரு தாங்கலும் கிடையாது, வார்ப்பட்டையைக் கையில் இறுக்கிக்கொள்ளவும் விதி அனுமதிக்காது. நல்ல கிளப் சுடுநரின் கையாட்டமே 3 மினிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தோட்டா 1 மினிட் சிதறுகிறது. இரண்டும் நேராகக் கூட்டப்படாது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 3.16 மினிட். இப்போது அவர் இரவெல்லாம் கண்விழித்து 0.7 மினிட் தோட்டா செய்கிறார். மொத்தம் 3.08. 200 கெஜத்தில் வித்தியாசம் ஒரு அங்குலத்தில் ஆறில் ஒரு பங்குதான். அதே ஆள் 600-இல் வார்ப்பட்டையுடன் படுத்து 1 மினிட்டுக்குள் பிடிக்கிறார் என்றால், 1 மினிட் தோட்டாவோடு 1.41, 0.7 மினிட் தோட்டாவோடு 1.22. அங்கே அது ஒரு அங்குலத்துக்கு மேல் வரும். ஒரே உழைப்புக்கு இரண்டு தூரத்தில் இரண்டு கூலி. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

சரி, கண்முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. கடையில் வாங்குவது, ஒரே லோட், இரண்டு லோட், மூன்று லோட்.

கடையில் வாங்குவதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 69 கிரெய்ன், 77 கிரெய்ன் எடையுள்ள மேட்ச் குண்டு (போட்டிக்கென்றே செய்தது) வைத்த ஆலைத் தோட்டாக்கள் நன்றாகவே இருக்கின்றன. சவுத் டகோட்டாவின் ரேபிட் சிட்டியில் இருக்கும் பிளாக் ஹில்ஸ் நிறுவனம் 77 கிரெய்ன் குண்டு வைத்துத்தான் அமெரிக்கப் படைக்கு எம்கே 262 என்ற தோட்டாவைச் செய்து கொடுத்தது. முதல் பருவத்தில் இதை வாங்கிச் சுடுவதில் எந்தக் குறையும் இல்லை, காலி கேஸ்களை மட்டும் பத்திரமாகப் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு முழுப் போட்டிக்கு 80 தோட்டா, பயிற்சிக்கு அதைவிடப் பல மடங்கு என்று போகும்போது செலவு கையைக் கடிக்கும். தவிர, மேகசினுக்குள் அடங்காத நீளத் தோட்டாவைக் கடையில் பார்ப்பது அரிது. 600 கெஜத்துக்கு அந்த நீளம்தான் வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மூன்று லோட் வழியையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். நின்று சுடுவதற்கு 52 அல்லது 55 கிரெய்ன் லேசான குண்டு, உட்கார்ந்தும் படுத்தும் வேகமாகச் சுடுவதற்கு 69, 600-க்கு 80 என்று செய்கிறவர்கள் உண்டு. உதை குறையும், குண்டு விலையும் மலிவு என்பது அவர்கள் வாதம். உண்மைதான். ஆனால் மூன்று லோட் என்றால் மூன்று ஸீரோ (குண்டு விழும் இடத்துக்குக் குறிபார்வையைப் பொருத்தி வைத்த அளவு), மூன்று பெட்டி, மூன்று பதிவு. அதில் இரண்டு ஒரே மேகசினில் நுழையும் அளவு, எனவே கலந்துபோகும். உட்கார்ந்து சுடும் சுற்றில் 60 விநாடிக்குள் 10 குண்டு, நடுவில் ஒரு மேகசின் மாற்றம். அந்த அவசரத்தில் 52 கிரெய்ன் மேகசினை எடுத்துச் செருகினால் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் சுற்று முடிந்திருக்கும். அதற்கு ஈடாகக் கிடைப்பது, மேலே பார்த்த மாதிரி, ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். மலிவு லேசான குண்டை வைத்துக் குளிர்காலத்தில் பயிற்சி செய்யுங்கள், அது நல்ல யோசனை. போட்டிக்கு வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஒன்றா இரண்டா என்ற கேள்வி. உண்மையான முடிவு இங்கேதான், கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒரே லோட் என்று முடிவு செய்தால் அது 77 கிரெய்ன் குண்டாகத்தான் இருக்க வேண்டும். சியரா மேட்ச்கிங் 77-ஐ ஏஆர் மேகசினின் நீளமான 2.260 அங்குலத்துக்குள் உட்கார்த்தலாம், 600 கெஜத்தையும் அது ஒழுங்காகப் போய்ச் சேரும். ஹார்னடி 75 கிரெய்னும் இந்த இடத்துக்குப் பொருந்தும். குழலின் முறுக்கு 1:8 அல்லது 1:7 ஆக இருக்க வேண்டும், அதாவது 8 அல்லது 7 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. ஒரே குண்டு, ஒரே மருந்து, ஒரே டை (கேஸை அமுக்கி வடிவாக்கும் அச்சு) அமைப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் ஒரே மூச்சில் 200 தோட்டா முடித்துவிடலாம். ஸீரோவும் ஒன்றே. 200-இலிருந்து 300-க்கு ஏறக்குறைய 3 மினிட் ஏற்ற வேண்டும், 300-இலிருந்து 600-க்கு மேலும் 11 மினிட் சுற்றுவட்டாரம். அந்த எண்கள் மனதில் பதிந்துவிடும்.

இரண்டு லோட் என்றால், 200-க்கும் 300-க்கும் மேகசினில் அடங்கும் 69 அல்லது 77. 600-க்கு மட்டும் 80 கிரெய்ன், ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றுவது. 80 கிரெய்ன் குண்டு நீளமானது. அதை மேகசின் நீளத்துக்கு அமுக்கினால் குண்டின் வளைந்த மூக்குப் பகுதியே கேஸ் கழுத்துக்குள் போய்விடும், பிடிமானம் இருக்காது. அதனால் முழு நீளம் 2.4 அங்குலத்துக்கு மேல் வரும்படி விட்டுவிடுவார்கள். 600 கெஜச் சுற்றில் 20 குண்டுக்கு 20 நிமிடம் இருக்கிறது, ஒவ்வொன்றாக ஏற்றுவது அங்கே விதியும்கூட. ஆக மேகசினுக்குள் நுழையாதது அங்கே குறையே ஆகாது. இந்த இரண்டு லோடும் தப்பித்தவறிக் கலக்கவும் கலக்காது, 80 கிரெய்ன் தோட்டா மேகசினுக்குள் போகவே போகாது என்பதால்.

இதில் என்ன லாபம்? காற்று. குண்டு காற்றை எவ்வளவு நன்றாகக் கிழித்துக்கொண்டு போகிறது என்பதற்கு ஒரு கெழு உண்டு, பாலிஸ்டிக் கோயஃபிஷியன்ட் என்பார்கள். ஜி1 கணக்கில் 69 கிரெய்ன் மேட்ச்கிங்குக்கு ஏறக்குறைய 0.30, 77-க்கு 0.37, 80-க்கு 0.42. எண்ணாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று அடிக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 69-ஐ விநாடிக்கு 2850 அடி, 77-ஐ 2700, 80-ஐ 2750 என்று எடுத்துக்கொண்டால் 600 கெஜத்தில் காற்று தள்ளும் தூரம் 69-க்கு சுமார் 46 அங்குலம், 77-க்கு 39, 80-க்கு 32.

காற்றுக்குத் தக்கபடி எல்லோரும்தான் திருத்திச் சுடுகிறோம், அப்புறம் தள்ளினால் என்ன என்று கேட்கலாம். புள்ளி போவது காற்றால் ஆவதைவிடக் காற்றைத் தப்பாகக் கணிப்பதால் ஆகிறது. 8 மைல் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் 10. இரண்டு மைல் தப்பு என்பது அனுபவசாலிக்கும் ஒரு சுற்றில் நாலைந்து முறை நடக்கும். அந்த இரண்டு மைலுக்கு 80 கிரெய்ன் குண்டு 6.4 அங்குலம் விலகும். பத்து வளையத்தின் ஆரம் 6 அங்குலம். நடுவில் பிடித்திருந்தால் பத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் உள்ளே. 77 கிரெய்ன் 7.8 அங்குலம் விலகும், அது நிச்சயம் ஒன்பது. 69 கிரெய்ன் 9.2 அங்குலம். ஒன்பது வளையத்தின் ஆரம் 9 அங்குலம் என்பதால் அது எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஊசலாடும். என் முதல் 600 கெஜப் போட்டியில் 69 கிரெய்ன்தான் வைத்திருந்தேன். பிடி சரியாக இருந்தது, விசை சரியாக இருந்தது, இலக்கின் இடப்பக்கமெல்லாம் எட்டும் ஏழும். அன்று முழுக்க என் கைமேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

அதே 10 மைல் காற்றில் 200 கெஜத்தில் 69 சுமார் 4 அங்குலம் நகரும், 80 சுமார் 3. ஒரு அங்குல வித்தியாசத்துக்காக அங்கே யாரும் வேறு குண்டு தேட வேண்டியதில்லை. 300-இலும் 69-க்கும் 77-க்கும் இடையே ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். தூரம் மூன்று மடங்கானால் காற்றின் தள்ளல் மூன்று மடங்காவதில்லை, பத்து மடங்குக்கு மேல் ஆகிறது. அதனால்தான் 600-க்கு மட்டும் தனி லோட் என்ற ஏற்பாடு இத்தனை காலம் நிலைத்திருக்கிறது.

ஆக, 77-க்கும் 80-க்கும் இடையே காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லாபம். 20 குண்டில் அது எத்தனை புள்ளி என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில், 1907-இலிருந்து தேசியப் போட்டிகள் நடந்துவரும் இடத்தில், ஈரி ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே காற்று இல்லாத நாளை எதிர்பார்த்துப் போகக் கூடாது. மரங்கள் சூழ்ந்த, காற்று அடங்கிய ரேஞ்சில் மட்டும் சுடுகிறவருக்கு 77-ஏ போதும் என்று நான் மனதாரச் சொல்வேன்.

லாபத்தைச் சொன்ன பிறகு 80 கிரெய்ன் வேலையில் இருக்கும் சிரமத்தையும் சொல்லிவிட வேண்டும். மேகசின் தோட்டாவில் குண்டு எவ்வளவு ஆழம் என்பதை மேகசினே தீர்மானித்துவிடுகிறது, நமக்கு யோசனை மிச்சம். ஒற்றையாக ஏற்றும் தோட்டாவில் அதை நாம் தீர்மானிக்க வேண்டும். குழலின் வரிகள் (குண்டைச் சுழலவைக்கும் உட்புற மேடுகள்) தொடங்கும் இடத்துக்கும் குண்டுக்கும் இடையே எவ்வளவு தாண்டல் விடுவது என்பதுதான் விஷயம். சியராவின் குண்டுகள் இதில் பொறுமைசாலிகள், ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 10 முதல் 20 பங்கு தள்ளி வைத்தால் நன்றாகவே சுடும். பெர்கர் விஎல்டி வடிவக் குண்டுகள் பெரும்பாலும் வரிகளுக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்படும், ஒவ்வொரு குழலுக்கும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த அளவை முனையிலிருந்து எடுக்காதீர்கள், மேட்ச் குண்டின் முனை ஒன்றுக்கொன்று ஒரே சீராக இருக்காது. கம்பாரேட்டர் என்ற அளவுத் துணைக்கருவி வைத்து மூக்கு வளைவிலிருந்து அளக்க வேண்டும். குழல் தேயத் தேய வரிகளின் தொடக்கம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். பருவத்துக்கு ஒரு முறையாவது மறுபடி அளந்து, குண்டை வெளியே இழுத்து வைக்க வேண்டியிருக்கும். வரிகளைத் தொட்டுக்கொண்டு நிற்கும்படி மட்டும் வைக்க வேண்டாம். சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தால் குண்டு வரிகளில் மாட்டிக்கொண்டு கேஸ் மட்டும் வெளியே வரும், மருந்து முழுக்க இயந்திரத்துக்குள் கொட்டும். போட்டி நடுவில் இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

இன்னொன்று உண்மையான ஆபத்து. ஏஆர்-15-இல் பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஸ்பிரிங் இல்லாமல் தளர்வாக இருக்கும். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) மூடும்போது அந்த ஊசி முன்னால் வந்து பிரைமரை லேசாகத் தட்டும். மேகசினிலிருந்து தோட்டாவை உருவிக்கொண்டு போகையில் போல்ட்டின் வேகம் குறைகிறது. தோட்டாவை நேராகச் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) போட்டுவிட்டுப் போல்ட்டை விட்டால் அது முழு வேகத்தில் போய் அடிக்கும். மென்மையான பிரைமர் என்றால் விசையைத் தொடாமலே வெடிக்க வாய்ப்பு உண்டு. 600 கெஜத்துக்கு ஒற்றையாக ஏற்றுகிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, சிசிஐ 41 போலக் கெட்டியான பிரைமர். இரண்டு, ஒற்றைத் தோட்டாவைத் தாங்கும் தட்டு மேகசின் வைத்து, அதன்மேல் தோட்டாவைப் போட்டுப் போல்ட்டை விடுவது. பிரைமரும் கேஸ் அடிப்பக்கத்துக்குச் சற்று உள்ளே அமுங்கியிருக்க வேண்டும், விரல் வைத்துத் தடவினாலே தெரியும். ஒவ்வொரு தோட்டாவையும் தடவிப் பாருங்கள்.

மேகசின் லோடுக்கும் அதற்கே உரிய கண்டிப்பு உண்டு. அது வேறு மாதிரி. அங்கே பயம் துல்லியம் பற்றியது இல்லை, ஓட்டம் பற்றியது. போல்ட் தோட்டாவை மேகசினிலிருந்து பிடுங்கிச் சரிவில் மோதித் தள்ளும். கழுத்துப் பிடி தளர்வாக இருந்தால் குண்டு உள்ளே அமுங்கும், அமுங்கினால் அழுத்தம் ஏறும். ஆயிரத்தில் 3 பங்கு அங்குலம் கழுத்து இறுக்கம் வைத்தால் நிம்மதி. கேஸை முழு நீளத்துக்கும் டையில் அமுக்கித் தோளை (கழுத்துக்குக் கீழே சரிவாக இருக்கும் பகுதி) ஆயிரத்தில் 3, 4 பங்கு பின்னால் தள்ளியிருக்க வேண்டும். கேஸ் நீளம் 1.760 அங்குலத்தைத் தாண்டவே கூடாது. வேகச் சுற்றில் ஒரு தோட்டா சிக்கினால் போகிற புள்ளி, தோட்டாவைக் கால் மினிட் துல்லியமாக்கிச் சேர்க்கும் புள்ளியைவிட எத்தனையோ மடங்கு.

மருந்துக்கு வருகிறேன். இங்கே ஒன்றா இரண்டா என்ற கேள்வி நேரக் கணக்காக மாறிவிடும். 0.1 கிரெய்ன் மருந்து கூடினால் .223-இல் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 10 அடி கூடும். உருண்டை மணி மருந்தை, உதாரணமாக ராம்ஷாட் டேக்கை, அளவுக் குழாயில் கைப்பிடி திருப்பிக் கொட்டினால் கூடக்குறைய 0.1 கிரெய்னுக்குள் விழும். வார்கெட் மாதிரிக் குச்சி மருந்து 0.3 வரை ஆடும், குச்சி முறிபடும் சத்தம் கையிலேயே தெரியும். அந்த ஆட்டம் வேகத்தில் மொத்தம் 60 அடி வரைக்கும் விரிசல் கொண்டுவரும். 80 கிரெய்ன் குண்டில் வேகம் 20 அடி மாறினால் 600 கெஜத்தில் மேலும் கீழும் ஒன்றரை அங்குலம் போல மாறும், 60 அடிக்குக் கிட்டத்தட்ட 5 அங்குலம். 12 அங்குல வளையத்தில் 5 அங்குலத்தை மருந்துக்கே கொடுத்துவிட முடியாது. 200 கெஜத்தில் அதே 60 அடிக்கு அரை அங்குலம்கூட இல்லை.

ஆகவே என் மேசையில் 200, 300-க்கு உருண்டை மருந்தைக் கொட்டியே நிரப்புகிறேன், பத்துக்கு ஒன்று எடை பார்க்கிறேன். 600-க்கு வார்கெட், ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து. வார்கெட்டை நான் பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் வெயில். மார்ச் குளிரில் சோதித்த லோட் ஜூலை வெயிலில் வேறு வேகம் காட்டினால் ஸீரோ போய்விடும், அழுத்தமும் எல்லையைத் தாண்டலாம். வார்கெட் சேர்ந்த ஹாட்ஜ்டன் எக்ஸ்ட்ரீம் வரிசை மருந்துகள் வெப்பநிலைக்கு அதிகம் ஆடாதவை. கோடையில் தோட்டாக்களை நிழலில் வைப்பது எந்த மருந்துக்கும் நல்லது. இரண்டு மருந்து வைத்திருக்கிறவருக்கு ஒரு வார்த்தை: மேசைமேல் எப்போதும் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். அடுத்ததை எடுக்கும் முன் முதலாவதை மூடி அலமாரியில் வையுங்கள். அளவுக் குழாயில் மிச்சம் இருப்பதை எந்த டப்பாவில் ஊற்றுவது என்று ஒரு நொடி தடுமாறினால், எதிலும் ஊற்றாமல் அழித்துவிடுங்கள்.

லோடைச் சோதிப்பது எப்படி என்பதில் பெரிய வாக்குவாதங்கள் உண்டு. மருந்தை 0.2, 0.3 கிரெய்னாக ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு படிக்கும் ஒரு குண்டு சுட்டு, எந்தப் படிகள் இலக்கில் ஒரே உயரத்தில் விழுகின்றன என்று பார்க்கும் ஏணி முறையை கிரெய்டன் ஆடெட் சொல்லிக்கொடுத்தார். டான் நியூபெரியின் ஓசிடபிள்யூ முறை அதன் தம்பி மாதிரி. இரண்டையும் வருடக்கணக்கில் செய்திருக்கிறேன். இப்போது என் நம்பிக்கை குறைந்துவிட்டது, காரணம் எண்ணிக்கை. ஐந்து குண்டு சுட்டு குரோனோகிராஃபில் வேகத்தின் திட்டவிலக்கம் 10 அடி என்று வந்தால், உண்மையான விலக்கம் 6 முதல் 29 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், 95 சதவீத நம்பகத்தில் கணக்குச் சொல்வது அதுதான். இருபது குண்டு சுட்டு அதே 10 வந்தால் உண்மை 7.6-க்கும் 14.6-க்கும் நடுவில். ஐந்தைந்தாகச் சுட்டு இந்தப் படி அருமை, அந்தப் படி மோசம் என்று தீர்ப்புச் சொல்வது பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குக் கிட்டே வந்துவிடும்.

நான் இப்போது செய்வது இது. கையேட்டின் எல்லைக்குள் அழுத்த அறிகுறி எதுவும் காட்டாத நடுத்தரமான ஓர் அளவைத் தேர்ந்துகொண்டு, 600 கெஜ லோடில் இருபது குண்டு, முடிந்தால் 600-லேயே சுடுகிறேன். மேலும் கீழும் விரிசல் 6 அங்குலத்துக்குள் நின்றால் அத்தோடு சோதனை முடிந்தது. நிற்காவிட்டால் மருந்தை மாற்றுகிறேன், அல்லது குண்டை. 0.1 கிரெய்னைத் துரத்துவதில்லை. 200, 300 லோடுக்கு 100 கெஜத்தில் பத்துப் பத்தாக இரண்டு குழு, அப்புறம் மேகசின் வழியாக 50 தோட்டா சிக்காமல் ஓடுகிறதா என்ற பரீட்சை. இந்தக் கடைசிப் பரீட்சையைத் தவிர்க்கிறவர்கள்தான் போட்டியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தூரத்துக்கென்றே குண்டு பிறப்பது புதிய விஷயமும் இல்லை. .308-இல் புகழ்பெற்ற 168 கிரெய்ன் சியரா மேட்ச்கிங் 300 மீட்டர் சர்வதேசப் போட்டியை மனதில் வைத்து உருவானது. 600 கெஜம் வரைக்கும் தங்கம். 1000 கெஜத்துக்குக் கொண்டுபோனால், ஒலிவேகத்தை நெருங்கும் இடத்தில் அதன் வால்பகுதியின் கோணம் அதைத் தடுமாற வைக்கும். அந்த வேலைக்கு வால் கோணம் மாற்றிய 175 கிரெய்ன் வந்தது. .223-இன் 80 கிரெய்னும் 1000 கெஜத்தில் ஏறக்குறைய ஒலிவேகத்துக்கு வந்துவிடுகிறது. எப்போதாவது 1000 கெஜம் சுடும் எண்ணம் இருந்தால் 80-ஐ வைத்து ஒப்பேற்ற நினைக்காதீர்கள், அதற்கு 90 கிரெய்ன் குண்டும் இன்னும் வேகமான முறுக்கும் வேண்டும், அது தனி ரைஃபிளாகவே ஆகிவிடும்.

இனி யாருக்கு எது என்று சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு பருவத்தில் இருப்பவர், 600-இல் 20 குண்டுக்கு 180-க்குக் கீழே அடிப்பவர், ஒரே 77 கிரெய்ன் லோடை வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடமிருந்து புள்ளியைத் திருடுவது குண்டு இல்லை, காற்றுக் கொடியைப் படிக்காததும் விசையை இழுப்பதும்தான். லோடில் மிச்சமாகும் நேரத்தை 200 கெஜத்தில் நின்று சுடும் பயிற்சிக்குக் கொடுங்கள். 190-ஐ ஒட்டி வந்துவிட்டவர், காற்றடிக்கும் ரேஞ்சில் சுடுகிறவர், இரண்டு லோடுக்குப் போகலாம். 80 கிரெய்ன் உங்களுக்கு அங்கே உண்மையாகவே புள்ளி கொண்டுவரும்.

வாங்கும் முன் குழலைப் பாருங்கள், முறுக்கு அதன்மேல் பொறித்திருக்கும். 1:9 என்றிருந்தால் 77-ம் 80-ம் உங்களுக்கு இல்லை, குண்டு நிலைப்படாமல் பக்கவாட்டாகக் காகிதத்தைக் கிழிக்கும். 69 கிரெய்னை வைத்து மூன்று தூரத்தையும் சுடுங்கள். அடுத்த குழல் வாங்கும்போது 1:8 கேளுங்கள். 1:8 இருந்தால் 77-ஐ ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) 500 வாங்கி வையுங்கள், லாட் மாறினால் மூக்கு வளைவின் அளவும் கொஞ்சம் மாறும். 80-ஐ முதலில் 100 மட்டும் வாங்குங்கள், இருபது இருபதாக 600-இல் சுட்டுப் பார்த்துப் பிடித்த பிறகு அதே லாட்டில் மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம்.